அர்ஜென்டினா மாடு

ஜூலை 1, திங்கள்

கெமிக்கல் விக்கிறவன் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி இது. ஆறு மாசமா ஃபிரிட்ஜ் மேல கிடந்துச்சு. இன்னைக்கு யாரையாவது பிடிச்சுக் கத்தணும் போல இருக்கு. கத்தினா இவருக்கு பிரஷர் ஏறும், மக பெனிட்டா அழுவா, கீழ்வீட்டுக்காரங்க டிவி சத்தத்தைக் குறைச்சுட்டு காதைத் தீட்டுவாங்க. அதனால எழுதறேன்.

விஷயம் இவ்வளவுதான். மத்தியானம் கேன்டீன்ல என் டப்பாவுல இருந்தது மாட்டுக்கறின்னு தெரிஞ்சு போச்சு. நான் யாரையும் கொல்லல, கம்பெனிப் பொருள் எதையும் திருடல. ஞாயித்துக்கிழமை மிஞ்சின வறுவலை எடுத்துட்டுப் போனேன். அதுக்கு ஹெச்.ஆர். மைதிலி கூப்பிட்டு, உட்கார வச்சு, தண்ணி கொடுத்து, யாருக்கோ துக்கம் சொல்ற மாதிரி குரலை இறக்கி, கம்ப்ளெயிண்ட் வந்திருக்கு மேடம்னா. யாரு கொடுத்தாங்கன்னு கேட்டேன். சொல்ல மாட்டாளாம், ரகசியமாம். ஐம்பது பேர் உட்கார்ற கேன்டீன்ல என்ன ரகசியம்?

எங்க கம்பெனி என்ன கம்பெனின்னு இங்க எழுதி வச்சிடறேன், இல்லன்னா பின்னாடி எனக்கே நம்பிக்கை வராது. தோல் கம்பெனி. மாட்டுத் தோல். பத்தொன்பது வருஷமா காலையிலேர்ந்து சாயந்திரம் வரைக்கும் நான் மாட்டுத் தோலைத் தடவித் தடவித் தரம் பிரிக்கிறேன். உண்ணி கடிச்ச புள்ளி, முள்கம்பி கிழிச்ச கோடு, சூடு போட்ட தழும்பு, எல்லாம் பார்த்து ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு சாக்பீஸால எண் போடறது என் வேலை. மைதிலியோட கைப்பை மாட்டுத் தோல். எம்.டி. சிவசைலம் சார் சாஞ்சு உட்கார்ற நாற்காலி மாட்டுத் தோல். ஆயுத பூஜை அன்னைக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறது தோல் சீவுற மெஷினுக்கு. தோல் வேணும், அதுல வர்ற பவுசு வேணும், கறின்னா மட்டும் மூக்கைப் பொத்திக்குவாங்க.

எல்லாத்துக்கும் காரணம் பெனிட்டாவோட வாய்தான். பதினேழு வயசாச்சு, போன்ல என்ன பேசணும்னு தெரியல.

ஜூலை 2, செவ்வாய்

தினமும் என் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடற அக்கவுன்ட்ஸ் கோகிலா இன்னைக்கு வேற மேசையில உட்கார்ந்தா. உட்காரட்டும்.

துவைச்ச துணி மழையில நனைஞ்சு போச்சு. மறுபடியும் அலசணும்.

ஜூலை 3, புதன்

லெட்டர் வந்திருச்சு. ஒரு பக்கம், இங்கிலீஷ், ரெண்டு பாரா. நான் எழுதின மாதிரி அவங்களே எழுதியிருக்காங்க, கீழ என் பேரு: ஜி. எப்சிபா. கையெழுத்துப் போட்டா போதும்.

முதல் பாரா, உடன் வேலை செய்யும் ஒருவரிடம் உணவைப் பற்றிய உண்மையை மறைத்தேன், அதுக்கு வருந்துகிறேன்னு. ரெண்டாவது பாரா, இது போன்ற சுகாதாரமற்ற, பிறர் மனத்தைப் புண்படுத்தும் உணவை இனிமேல் வளாகத்துக்குள் கொண்டுவர மாட்டேன்னு.

சுகாதாரமற்ற. அந்த வார்த்தையை நான் நாலு தடவை படிச்சேன். இவரு ஒரு கிலோ கறியைக் கழுவுற அழகைப் பார்க்கணும், மஞ்சள் போட்டு, கல் உப்பு போட்டு, அஞ்சு தண்ணி. மைதிலி வீட்டுல கீரையை இப்படிக் கழுவுவாங்களான்னு கேட்கணும்.

இதுல இன்னொரு கொக்கி இருக்கு. செலக்‌ஷன் மேனேஜர் நசீர் சார், எனக்கு மேல தரம் பார்க்கிறவர், இந்த மாசக் கடைசியோட ரிட்டயர் ஆகறார். அடுத்து நான்னு போன தீபாவளிக்கே எம்.டி. வாயால சொன்னது. எனக்குக் கீழ சாக்பீஸ் பிடிக்கக் கத்துக்கிட்ட ரெண்டு பேரு ஏற்கெனவே வேற யூனிட்ல மேனேஜர். இப்போ விட்டா எனக்கு இனிமே இல்ல. மைதிலி சுத்தி வளைக்காமச் சொல்லிட்டா: இருபதாம் தேதிக்குள்ள கையெழுத்து வந்தா பிரமோஷன் ஆர்டர் ரெடி, வரலன்னா மேனேஜ்மென்ட் யோசிக்க வேண்டியிருக்கும்.

யோசிக்கட்டும். அவங்களுக்கும் மூளைக்கு வேலை வேணாமா.

ஜூலை 5, வெள்ளி

கையெழுத்துப் போடல.

ஜூலை 7, ஞாயிறு

சர்ச் முடிஞ்சு பல்லாவரத்துல யாகூப் பாய் கறிக்கடைக்குப் போனேன். முதுகுக்கறி கேட்டேன், எலும்பில்லாம. இல்லைன்னுட்டார். நல்ல முதுகுக்கறி, அண்டர்கட்னு சொல்ற மெத்துக்கறி எல்லாம் வெள்ளிக்கிழமையே போயிடுதாம். நுங்கம்பாக்கத்துல ஏதோ வெளிநாட்டுச் சாப்பாட்டு ஓட்டலாம், வேன் வச்சு வந்து மொத்தமா எடுத்துட்டுப் போறாங்களாம். மூணு வாரம் குளிர்ல தொங்கவிட்டு அப்புறம்தான் சமைப்பாங்கன்னு சொல்லிட்டு பாய் சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரல. எங்க ஏரியா மாடு, எங்க ஏரியா கடை, நல்ல கறி நுங்கம்பாக்கத்துக்கு, தொடையும் குடலும் நமக்கு. தொடைக்கறியே கொடுங்கன்னு வாங்கிட்டு வந்தேன்.

இவருதான் சமைச்சார். எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமை அடுப்பு ஞானமுத்து கையில. எலக்ட்ரீஷியன் வேலையில காட்டுற பொறுமையை எல்லாம் கறியில காட்டுவார். தேங்காய்ப் பல்லு பொடியா நறுக்கி, மிளகு கையால இடிச்சு, தண்ணியே ஊத்தாம ஒன்றரை மணி நேரம் சிம்ல. பதினோரு வருஷமா திங்கக்கிழமை சாயந்திரம் நான் செருப்பைக் கழட்டறதுக்குள்ள கேட்கிற ஒரே கேள்வி, ஆபீஸ்ல என்ன சொன்னாங்க? நானும் சொல்லுவேன், கோகிலா டப்பாவை வழிச்சுட்டா, உங்க வீட்டுக்காரருக்குக் கையில தங்க வளையல் போடலாம்னு சொன்னாள்னு. மனுஷன் பூரிச்சுப் போவார்.

போன திங்கள் அவர் கேட்கல. என் முகத்தைப் பார்த்துட்டு காபி போடப் போயிட்டார். இன்னைக்கு லெட்டரை எடுத்துக் காட்டிட்டேன். முதல் பாராவுல விரலை வச்சார். உண்மையை மறைச்சேன்னா என்ன அர்த்தம்னு கேட்டார்.

சொல்ல வேண்டியதாப் போச்சு. கோகிலா அதை மட்டன்னு நினைச்சுச் சாப்பிட்டான்னு.

கரண்டியை அடுப்புமேடையில வச்சார். “பதினோரு வருஷமா நான் மட்டனா சமைச்சேன்?”ன்னார். அவ்வளவுதான். குரல்கூட உசத்தல. அப்புறம் வறுவலை இறக்கி வச்சுட்டு, சாப்பிடாம வெளிய போயிட்டார்.

என்மேலதான் தப்புங்கற மாதிரி எல்லாரும் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டா நான் எங்கதான் போறது?

ஜூலை 10, புதன்

சரி, எழுதிடறேன். எழுதித் தொலைச்சாத்தான் தூக்கம் வரும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னாடி குரோம்பேட்டையில இருந்தோம். வீட்டு ஓனர் அம்மா ஒரு ஞாயித்துக்கிழமை மாடிக்கு வந்து மோப்பம் பிடிச்சுட்டு, என்ன கொழம்புன்னு கேட்டாங்க. இவரு மறைக்கிற ஆள் இல்ல, சொல்லிட்டார். மாசக் கடைசியில பெட்டி படுக்கையைத் தூக்கிட்டு ஆறு வயசுப் பிள்ளையோட தெருவுல நின்னோம். அந்த அம்மா நாங்க இறங்கினதும் படிக்கட்டை பினாயில் ஊத்திக் கழுவினாங்க. நான் இன்னும் ஆட்டோவுலகூட ஏறல.

அதுக்கு அடுத்த மாசம்தான் கோகிலா அக்கவுன்ட்ஸ்ல சேர்ந்தா. முதல் வாரம், பக்கத்துல வந்து உட்கார்ந்து, என் டப்பாவை எட்டிப் பார்த்து, மட்டனான்னு கேட்டா. நான் ‘ம்’னேன். வாயில சோறு இருந்துச்சு. மட்டன்னு நான் சொல்லவே இல்ல. ‘ம்’ மட்டும்தான். அவ கையை நீட்டி ஒரு துண்டு எடுத்தா. அன்னைக்கு ஆரம்பிச்சது.

அவ ஆடு, கோழி சாப்பிடறவ. இது அவ வீட்டுல ஆகாதுன்னு எனக்குத் தெரியும். டப்பாவை அவ பக்கம் நகர்த்தினதும் நான்தான். அவ சாப்பிடறதைப் பார்த்தா எனக்குள்ள ஒரு சந்தோஷம் இருந்துச்சு. அது நல்ல சந்தோஷமான்னு இப்போ என்னைக் கேட்காதீங்க.

இந்த ஒண்ணாம் தேதி நான் கை கழுவப் போயிருந்தேன். மேசையில என் போன் அடிச்சிருக்கு. கோகிலாவுக்கு வலது கையெல்லாம் சோறு, இடது கையால எடுத்து ஸ்பீக்கர்ல போட்டிருக்கா. பெனிட்டா, ஆன்ட்டி, ஃபிரிட்ஜுல இருக்கற மீதி பீஃபை நான் டியூஷனுக்கு எடுத்துட்டுப் போகட்டுமான்னு அம்மாகிட்ட கேட்டுச் சொல்லுங்கன்னு சொல்லியிருக்கா. நான் திரும்பி வரும்போது மேசையில ஆறு பேரும் கோகிலா வாயையே பார்த்துட்டிருந்தாங்க.

அதனால முதல் பாராவுக்கு நான் கையெழுத்துப் போடுவேன். அது நியாயம். மைதிலி கேட்கணும்னுகூட இல்ல, கோகிலா நேர்ல வந்து என் கன்னத்துல ஒண்ணு கொடுத்திருந்தா வாங்கிக்கிட்டிருப்பேன். ஆனா ரெண்டாவது பாராவுக்கு என் கை போகாது. நான் பொய் சொன்னவ. என் சாப்பாடு ஒரு பாவமும் பண்ணல.

ஜூலை 12, வெள்ளி

எம்.டி. ரூமுக்குக் கூப்பிட்டார். லெட்டர் விஷயம்னு நினைச்சுட்டுப் போனேன். இல்ல, விருந்து.

அர்ஜென்டினாவுல இருந்து நமக்குப் பாதி பதனிட்ட தோல் அனுப்பறவர் ஒராசியோ, அடுத்த வாரம் வர்றாராம். அவர் அனுப்பற சரக்கை நாலு வருஷமா தரம் பிரிச்சு, கழிச்சது எவ்வளவு, ஏன் கழிச்சோம்னு ரிப்போர்ட் எழுதறது நான். அதுல ஜி.இ.ன்னு மட்டும் போட்டிருப்பேன். அந்த ஜி.இ. யாரு, அந்த ஆளைப் பார்க்காம நான் ஊர் திரும்ப மாட்டேன்னு சொல்லிட்டாராம். அதனால சனிக்கிழமை இருபதாம் தேதி மத்தியானச் சாப்பாட்டுக்கு நானும் வரணும்.

எங்கன்னு கேட்டேன். நுங்கம்பாக்கத்துல அர்ஜென்டினா ஸ்டேக் ஓட்டல் ஒண்ணு இருக்காம். ஸ்டேக்னா மாட்டுக்கறியைப் பெரிய துண்டா நெருப்புல வாட்டறது. எம்.டி. அதை எனக்கு விளக்கம் வேற சொன்னார், ஏதோ ராக்கெட் விடற மாதிரி. வந்தவனுக்கு அவன் ஊர்ச் சாப்பாட்டைப் போடறதுதான் மரியாதைன்னார். அப்புறம், “நீ அதெல்லாம் சாப்பிடறவதானேம்மா, உனக்குக் கஷ்டம் இருக்காது,”ன்னு ஒரு வார்த்தை.

மைதிலிக்கு ‘நீங்க’. அவ சேர்ந்து மூணு வருஷம். எனக்கு ‘நீ’.

ஜூலை 14, ஞாயிறு

கறி வாங்கல. இவரும் கேட்கல. சாம்பார், அப்பளம்.

பெனிட்டா போன்ல அந்த ஓட்டல் படமெல்லாம் தேடிப் பிடிச்சுக் காட்டினா. மரப்பலகையில இரும்புக் கம்பி மாதிரி கோடு விழுந்த கறி. அதைப் பார்த்துட்டே, “நான் போன் பண்ணது தப்பாம்மா?”ன்னு கேட்டா. அதை மறைக்கணும்னு நீ எனக்குச் சொல்லவே இல்லையேன்னா. நான் போய்ப் படின்னு எரிஞ்சு விழுந்தேன்.

அவளுக்கு நாங்க குரோம்பேட்டை வீட்டைக் காலி பண்ணின காரணமே தெரியாது. தண்ணிப் பிரச்சினைன்னு சொல்லி வச்சிருக்கோம்.

இவரு பேசினது ஒரே ஒரு வாக்கியம். ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டு மேனேஜர் ஆயிடு, அப்புறம் பார்த்துக்கலாம்னு. அவர் சொன்னதுல கோபமில்ல, அதுதான் எனக்குத் தாங்கல.

ஜூலை 18, வியாழன்

மைதிலி வந்து, சார் சொல்லச் சொன்னார் மேடம், சனிக்கிழமை லஞ்சுக்கு வரும்போது லெட்டரைக் கையெழுத்தோட எடுத்துட்டு வந்துடுங்கன்னா.

கேன்டீன் சுவத்துல புது நோட்டீஸ். குறிப்பிட்ட சில அசைவ உணவுகளுக்கு இங்கே அனுமதி இல்லை. பேரைப் போடக்கூட தைரியமில்ல. அதுக்குப் பக்கத்துல கம்பெனி காலண்டர், அதுல நாலு கலர்ல நாலு மாட்டுத் தோல் பை.

ஜூலை 20, சனி

வந்து சேர்ந்தேன். காபியைக் குடிச்சுட்டு உட்கார்ந்து எல்லாத்தையும் முதல்லேர்ந்து எழுதறேன்.

ஓட்டல் பேரு என் வாயில நுழையல. உள்ள போனதும் ஏசி குளிரும் கரிப் புகை வாசனையும். சுவர்ல ஒரு முழு மாட்டுத் தோல், முடியோட, விரிச்சு மாட்டியிருந்தாங்க. பழக்க தோஷம், கிட்ட போய்த் தடவினேன். வயித்துப் பக்கம் நல்லா உண்ணி கடிச்சிருக்கு, நாலாம் தரம்கூட தேறாது. அதைப் போய் அலங்காரமா மாட்டியிருக்கான்.

பின்னாடி யாரோ சிரிச்சாங்க. ஒராசியோ. அறுபத்தஞ்சு வயசு இருக்கும், ஆறடி உயரம், உள்ளங்கை ரெண்டும் உப்புல காய்ச்சுப் போயிருக்கு. அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு ஆளைப் பிடிச்சுப் போச்சு, பச்சைத் தோல்ல உப்புத் தடவித் தடவி வந்த கை அது. ஜி.இ.ன்னு என்னைக் காட்டி எம்.டி. சொன்னதும், அவர் எழுந்து நின்னு கை கொடுத்தார். பொம்பளையா இருப்பேன்னு நினைக்கலையாம். போன வருஷம் நாற்பது தோலை முள்கம்பிக் கோடுன்னு நான் கழிச்சப்போ என்னைத் திட்டாத திட்டில்லையாம். அப்புறம் பண்ணைக்கே போய்ப் பார்த்திருக்கார், கோடு நான் சொன்ன இடத்துலதான் இருந்துச்சாம். வேலியையே மாத்திட்டேன்னார். பத்தொன்பது வருஷத்துல என் வேலையைப் பத்தி எவனும் எனக்கு இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல. அது புவனோஸ் ஐரஸ்லேர்ந்து வரணும்னு இருக்கு.

எம்.டி. மெனுவைத் திறந்தார். நான் அசந்து போயிட்டேன். எந்தத் துண்டு எங்கேர்ந்து வெட்டறது, எது கொழுப்பு, எது மெத்துன்னு இருக்கும், எல்லாம் தலைகீழ்ப் பாடம். உள்ள சிவப்பா இருக்கணும், ரொம்ப வேகவிட்டா பாழ்னு சப்ளையர்கிட்ட சொல்றார். நெத்தியில காலையில வச்ச விபூதி அப்படியே இருக்கு. வெளிநாடு போனா சாப்பிடுவேன்மான்னு என்கிட்ட தமிழ்ல சொல்லிக்கிட்டார், நான் கேட்கவே இல்ல. எனக்கு நல்லா வெந்திருக்கணும்னு சொன்னேன். சப்ளையர் பையன் இல்ல, நடுத்தர வயசு ஆளு, தாம்பரம் பக்கமாம், பரிதாபமா என்னைப் பார்த்தார். எம்.டி. தலையில அடிச்சுக்காத குறை. ஒராசியோ மட்டும், எங்க அம்மாவும் செருப்புத் தோல் மாதிரி வெந்தாதான் சாப்பிடுவாங்கன்னார்.

முதல்ல ஒரு தட்டு வந்துச்சு. பொன்னிறமா, சுருள் சுருளா, மேல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு. வாசனையிலேயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. குடல். எங்க வீட்டுல ரெண்டு மணி நேரம் திருப்பித் திருப்பிக் கழுவுவோமே, அதே குடல். எம்.டி. நாலு எடுத்துட்டார், மொறுமொறுன்னு இருக்குன்னு பாராட்டு வேற. இது என்னன்னு ஒராசியோவைக் கேட்டார். அவர் தன் வயித்தைத் தட்டிக் காட்டினார். எங்க ஊர்ல குடல்தான் முதல் பந்தி, அடுப்புகிட்ட நிக்கிறவங்களுக்கும் வந்த விருந்தாளிக்கும், பெரிய துண்டெல்லாம் அதுக்கு அப்புறம்தான்னார். எம்.டி. வாயில இருந்ததை முழுங்கறதா வேணாமான்னு ஒரு நொடி நின்னு, முழுங்கினார். தண்ணி குடிச்சார்.

பெரிய துண்டு வந்துச்சு. உப்பு மட்டும்தான், தொட்டுக்க ஒரு பச்சைச் சட்னி. நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒவ்வொரு வாய்க்கும் எனக்குக் கரண்டியைக் கீழ வச்ச இவரு முகம்தான் வருது. மிளகு இல்ல, தேங்காய்ப் பல்லு இல்ல. ஒராசியோவுக்கும் அதேதான் குறை போல. நாற்பது மணி நேரம் பிளேன்ல வந்தது எங்க ஊர்க் கறியைத் திங்கவா, இங்க உங்க வீட்டுல என்ன சமைப்பீங்கன்னு என்னைக் கேட்டார். நான் சொல்ல ஆரம்பிச்சேன், இவரு கறி செய்யற விதத்தை. எம்.டி. நடுவுல புகுந்து சாம்பார், தோசைன்னு பேச்சை மாத்தினார்.

அப்புறம் ஒராசியோ போன் பேச எழுந்து போனார். அந்த நேரம் பார்த்து எம்.டி. துணியால வாயைத் துடைச்சுட்டு, லெட்டர் கொண்டு வந்தியாம்மான்னார்.

பைக்குள்ளேர்ந்து எடுத்து மேசையில வச்சேன். கையெழுத்து இல்லாம. ரெண்டாவது பாராவை அடிச்சுடறேன் சார், முதல் பாராவுக்குப் போடறேன்னேன். அதெல்லாம் முடியாது, லீகல் பார்த்த டிராஃப்ட்னார். நான் அவர் தட்டைப் பார்த்தேன். பலகை மேல ரத்தம் கலந்த தண்ணி வடிஞ்சிருக்கு.

அவருக்குப் புரிஞ்சுச்சு. குரலைத் தாழ்த்தி, “இதையும் அதையும் ஒண்ணாப் போடாதே எப்சிபா. இது அர்ஜென்டினா மாடு. சுத்தமாப் புல்லு மேஞ்சு வளர்ந்தது. குப்பையில மேயற நம்ம ஊர் மாடும் இதுவும் ஒண்ணா?”ன்னார். அதோட விடல. தட்டு எடுக்க வந்த சப்ளையரைப் பிடிச்சு, இது அங்கேர்ந்து ஃபிளைட்ல வர்றதுதானேன்னு கேட்டார், எனக்குப் பாடம் எடுக்கறதுக்காக.

அந்த ஆள் பாவம், மறைக்கத் தெரியாதவர். “இல்லைங்க சார். மாட்டுக்கறியை வெளிநாட்டுலேர்ந்து கொண்டு வரவே அனுமதி கிடையாது. சமைக்கிற முறைதான் அர்ஜென்டினா. கறி பல்லாவரம். யாகூப் பாய்னு ஒருத்தர், வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எடுக்கறோம்,”னு சொல்லிட்டு தட்டை அடுக்கிட்டுப் போயிட்டார்.

நான் சிரிக்கல. பேனாவை எடுத்து மூடியைக் கழட்டி லெட்டர் மேல வச்சேன்.

“யாகூப் பாய் எங்க கடைதான் சார். ஒரே மாடு. முதுகை நீங்க தின்னீங்க, தொடையை நாங்க தின்னோம். ரெண்டாவது பாரா அப்படியே இருக்கட்டும்னா, எனக்குக் கீழ நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க.”

அவர் முகம் கறுத்துப் போச்சு. அதுக்குள்ள ஒராசியோ திரும்பி வந்துட்டார். காகிதத்தைப் பார்த்துட்டு, என்ன, இந்தத் தடவை எத்தனை தோலைக் கழிச்சீங்கன்னு சிரிச்சார். எம்.டி. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில கெஞ்சல் இருந்துச்சு, அதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். சொல்லியிருக்கலாம். ரெண்டு வரியில இங்கிலீஷ்ல சொல்லிட்டிருந்தா அந்த மனுஷன் மேசையைத் தட்டி நியாயம் கேட்டிருப்பார். நான் சொல்லல. வெளியூர்க்காரர் வந்து பஞ்சாயத்து பண்ணி எனக்கு என் சோத்தை வாங்கித் தரணுமா என்ன? ஆபீஸ் காகிதம்னு மட்டும் சொன்னேன்.

எம்.டி. லெட்டரை நாலா மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டார். கையில கொழுப்புப் பிசுக்கு, வெள்ளைச் சட்டையில அப்படியே அச்சு விழுந்துச்சு.

ஜூலை 21, ஞாயிறு

சர்ச்சுலேர்ந்து நேரா யாகூப் பாய் கடை. எனக்குன்னு ஒரு கிலோ முதுகுக்கறி வெள்ளிக்கிழமையே எடுத்து வைங்க, ஓட்டல்காரனுக்கு மிச்சத்தைக் கொடுங்கன்னு சண்டை போட்டேன். இந்த வாரம் எப்படியோ அரைக்கிலோ தேத்திக் கொடுத்தார்.

இவர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். கேட்டு முடிச்சார். அப்புறம் சின்ன உரலை இழுத்துப் போட்டு மிளகை இடிக்க ஆரம்பிச்சார். பெனிட்டாவைக் கூப்பிட்டு உட்கார வச்சு குரோம்பேட்டைக் கதையைச் சொன்னேன், பினாயில் வரைக்கும். தண்ணிப் பிரச்சினைன்னு ஏன்மா சொன்னன்னு கேட்டா. கோபம்தான் வந்துச்சு, யார் மேலன்னு தெரியாம.

ஜூலை 22, திங்கள்

காலையில மைதிலி கூப்பிட்டா. அந்த லெட்டர் ஃபைல்ல இல்லையாம், சார் வாபஸ் வாங்கிட்டாராம். மேனேஜர் போஸ்ட்டுக்கு இப்போதைக்கு, எனக்கு அப்புறம் சேர்ந்த தினகரனைப் போடறாங்களாம், என்னை அடுத்த வருஷம் பார்க்கலாமாம். தினகரனுக்கு உண்ணிக்கடியும் கொசுக்கடியும் ஒண்ணு. அடுத்த லாட் தோல் வரும்போது ஒராசியோவுக்கே தெரியும். நோட்டீஸை எடுப்பீங்களான்னு கேட்டேன். அது பாலிசி மேடம்னா. சரின்னு எழுந்து வந்துட்டேன்.

மத்தியானம் கேன்டீன். நேரா அந்த நோட்டீஸுக்குக் கீழ இருக்கற மேசையில உட்கார்ந்தேன். டப்பாவைத் திறந்தேன். வாசனை எழும்பினதும் பக்கத்து மேசையில பேச்சு நின்னுச்சு. பேக்கிங் செக்‌ஷன் பெரியவர் ஒருத்தர் எட்டிப் பார்த்து, என்ன கறிம்மான்னு கேட்டார். சும்மாதான் கேட்டார், ஆனா மொத்த கேன்டீனும் காதைத் தீட்டிக்கிட்டுக் காத்திருந்துச்சு.

வாயில சோறு இருந்துச்சு. முழுங்கிட்டுச் சொன்னேன். “மாட்டுக்கறி. எங்க வீட்டுக்காரர் செஞ்சது.”

ரெண்டு பேரு எழுந்து போனாங்க. பெரியவர் தலையாட்டிட்டுத் தன் சாப்பாட்டைப் பார்த்தார். நான் சாப்பிட்டேன். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சு, மிளகு கொஞ்சம் தூக்கல்.

கை கழுவற இடத்துல கோகிலா நின்னுட்டிருந்தா. நான் சொல்ல வேண்டியதை அங்கேயே சொல்லிட்டேன். அன்னைக்கு நீ மட்டனான்னு கேட்டப்போ நான் இல்லைன்னு சொல்லியிருக்கணும், உன்னை ஏமாத்திட்டேன், மன்னிச்சுடுன்னு. அவ குழாயை மூடல. தண்ணி ஓடற சத்தத்துக்கு மேல குரலை எழுப்பாம, “பதினோரு வருஷமா எலும்பே இல்லாத மட்டன் எவ கொண்டு வருவா எப்சி? எனக்குத் தெரியாதா?”ன்னா.

அப்புறம் எதுக்குடி மைதிலிகிட்ட போனன்னு கேட்டேன். ஸ்பீக்கர்ல போட்டுத் தொலைச்சுட்டேன், ஆறு பேர் கேட்டாங்க, நான் போய்ச் சொல்லலன்னா அவங்க என்னைப் பத்திப் போய்ச் சொல்லியிருப்பாங்க, மாமியார் காதுக்குப் போயிருந்தா என் கதி என்னன்னா. அழுதா. அழட்டும்னு பார்த்துட்டு நின்னேன். எங்க வீட்டுக்காரருக்குத் தங்க வளையல்னு சொல்லி அனுப்பினவ இவ. என் மேனேஜர் நாற்காலியைத் தினகரனுக்குத் தூக்கிக் கொடுத்தவளும் இவதான்.

அவ கண்ணு என் கையில இருந்த டப்பாவுக்குப் போச்சு. உள்ள நாலு துண்டு மீதி இருந்துச்சு, தேங்காய்ப் பல்லோட. பழக்கத்துல என் கை டப்பாவை அவ பக்கம் நகர்த்தப் பார்த்துச்சு. நிறுத்திக்கிட்டேன்.

“வேணும்னா கேளு,”ன்னேன். “கேன்டீன்ல வந்து, பேரைச் சொல்லிக் கேளு. தர்றேன்.”

அவ கேட்கல. நாலு துண்டையும் நானே தின்னுட்டு டப்பாவைக் கழுவிக்கிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ள இவரு கேட்டார், ஆபீஸ்ல என்ன சொன்னாங்கன்னு. மாட்டுக்கறின்னு சொன்னேங்கன்னேன்.